நின்ற வண்டிக்கு மூன்று வைத்தியர்கள்

தீப்பொறியும் பெட்ரோலும் இருந்தால் உலகத்தில் எந்த வண்டியும் கிளம்பும் என்பது என் பாவாவின் வேதவாக்கு. அன்றைக்கு அவர் வண்டியில் இரண்டும் இருந்தன. வண்டிதான் கிளம்பவில்லை.

பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அம்மையார்குப்பத்தில் நெசவுக்காரர்களிடம் சேலை எடுத்துச் சந்தைக்குச் சந்தை விற்பவர். யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் கார் வைத்திருந்த பெரிய மனிதர்களே காரைக் கொட்டகையில் தள்ளிவிட்டு மாட்டு வண்டிக்குத் திரும்பினார்கள். புத்தியுள்ளவன் எவனாவது அந்தச் சமயத்தில் கார் வாங்குவானா? பாவா வாங்கினார். ஒரு மிட்டாதாரின், அதாவது சின்ன ஜமீன்தாரின், வீட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய கார் அது. "சும்மா குடுத்த மாதிரிதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சும்மாவே கொடுத்திருந்தாலும் நமக்கு நஷ்டம்தான் என்று நான் சொன்னேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

அந்த வண்டியின் அமைப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டேங்க் பின்னால் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, இன்ஜினுக்கு மேலே இருந்தது. பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி இன்ஜினுக்குப் போகும். டேங்க்கின் மூடி கண்ணாடிக்கு முன்னால் நட்ட நடுவில் உருண்டையாக இருக்கும். எதிரே நின்று பார்த்தால் வண்டிக்கு நெற்றி என்றே தோன்றும். எங்கள் ஊரில் நெற்றி என்று ஒன்று தோன்றிவிட்டால் அதைக் காலியாக விடமாட்டார்கள்.

யுத்தம் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. அந்த நாளில்தான் எனக்குப் பள்ளிப்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம மத்தியானம் பள்ளிக்கூடம் கூடறதுக்குள்ள வந்து நிக்கணும். வரலேன்னா வேற பொண்ணு ரெடியா கீது." அந்த வேறு பெண் அவருடைய சொந்தத் தம்பி மகள். மனிதர் நான் வராமலிருக்கத் திருத்தணி முருகனுக்கே வேண்டுதல் வைத்திருப்பார்.

வேண்டுதல் வைக்க எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று நான் நினைத்தேன். என் நைனாவை, அதாவது அப்பாவைச் சொல்கிறேன். எங்கள் ஊர் திருத்தணிதான்; மலைக்கோயிலுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுப்பது எங்கள் குடும்பத்து முறை. இருட்டோடு படியேறிக் கல்லின் முன் உட்கார்ந்தால் தோள் இற்றுப்போகும் வரை அரைப்பார். முதல் அரைப்பு சாமிக்கு. அதில் ஒரு நகக்கண் அளவு வேறு எவனுக்கும் கிடையாது. சின்ன வயதில் நான் அந்த முதல் உருண்டையைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்ததற்கு முதுகில் ஒன்று வைத்தார். அதோடு விட்டாரா? கல்லைக் கழுவி, தானும் குளித்து, மறுபடி முதலிலிருந்து அரைத்தார். அப்பேர்ப்பட்ட ஆசாமி. அம்மா போன பிறகு இன்னும் இறுகிப்போனார்.

வேலை கிடைத்தது என்று நான் சொன்ன நாளிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். கல்யாணம் ஆகாத பெண் வெளியூரில் தனியாக இருப்பதாவது! அக்கா வந்திருந்தால் அக்காவிடம் சொல்லுவார்; இல்லாவிட்டால் பசுமாட்டிடம் சொல்லுவார். "சோறு ஆறிகினு கீதுன்னு அவகிட்ட சொல்லு." மாடு எப்படிச் சொல்லும்? நானே கேட்டுக்கொண்டு போய்ச் சாப்பிடுவேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் பள்ளிப்பட்டுக்குக் கரி பஸ் ஒன்று போகும். முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே போகிற பஸ். பாவா அதில் போகவிடவில்லை. "காரு இருக்கசொல்ல கரி பஸ்ஸுல இன்னாத்துக்கும்மா? டீச்சரம்மா மூஞ்சியில கரி பூசிகினு போய் எறங்கினா மரியாதையா?" என்றார். சேர்த்து வைத்த கூப்பனையெல்லாம் கொடுத்து டேங்க்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு, முதல் நாளே அக்காவோடு வந்து எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். கரி பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும் சத்தத்தை நான் காதாரக் கேட்டேன். அன்றைக்கு வேறு பஸ் கிடையாது.

நைனா மலையிலிருந்து இறங்கி வரும்போது வெயில் வந்துவிட்டது. கையில் வாழையிலைப் பொட்டலம். என்னைப் பார்க்கவில்லை. நேரே வண்டியின் முன்னால் போய் நின்று பொட்டலத்தைப் பிரித்தார். கட்டிச் சந்தனம். அதை அந்த மூடியின் மேல் கொழுக்கட்டை மாவு மாதிரி அப்பி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகிறவளுக்கு ஒரு பொட்டு இல்லை, ஓட்டை வண்டிக்குச் சந்தனக் காப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாவா முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். வண்டி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அக்கா சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ராஜா மாதிரி கிளம்பினோம். தெருமுனைப் பூக்கடைக்கு எதிரே இரண்டு விக்கல் விக்கிற்று, நின்றுவிட்டது.

மறுபடி சுற்றினால் பேச்சு மூச்சு இல்லை. "நடுத்தெருவுல பானட்டைத் தெறந்தா ஊரே வந்து வைத்தியம் சொல்லும், வூட்டுக்குத் தள்ளுங்க" என்றார் பாவா. தள்ளினோம். ஊரே வராவிட்டாலும் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா வந்துவிட்டார். அரக்கோணத்தில் ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சக்கரம் வைத்தது எதுவானாலும் தன்னைக் கேட்டுத்தான் ஓடவேண்டும் என்பது அவர் எண்ணம்.

"மொதல்ல பொறி வருதான்னு பாக்கணும்" என்றார் பாவா. பிளக்கிலிருந்து ஒயரைக் கழற்றி, நுனியை இரும்புக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி மாமா கையில் கொடுத்தார். மாமா இரும்புக்குப் பக்கத்தில் பிடிக்கவில்லை, நுனியையே பிடித்தார். பாவா கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினதுதான் தாமதம், "ஐயோ யப்பா!" என்று மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "ஆங்... கரண்டு கீதுங்க மாப்ள" என்றார்.

பொறி சரி. அடுத்து பெட்ரோல். இதில் பாவாவின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். கூப்பன் பெட்ரோல் அல்லவா? யாராவது உறிஞ்சிவிடுவார்களோ, தானாக ஆவியாகிவிடுமோ என்று மனிதருக்கு ஓயாத பயம். வேப்பங்குச்சி ஒன்று வைத்திருப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சந்தனம் கலையாமல் மூடியின் ஓரத்தைப் பிடித்துப் பதமாகத் திருகி என் கையில் கொடுத்தார். திருகும்போது யாரோ மூச்சை இழுத்த மாதிரி 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "கேட்டியா? நல்ல பெட்ரோலுன்னா இப்பிடித்தான் சத்தம் குடுக்கும்" என்றார். குச்சி கழுத்து வரை நனைந்திருந்தது. திருப்தியாக மூடினார்.

கைப்பிடியைச் சுற்றினார். வண்டி கிளம்பிவிட்டது!

"என் ஒடம்புல கரண்டு பாஞ்சது பாரு, அதுல எங்கியோ இருந்த அடைப்பு உட்டுப்போச்சு" என்றார் டிரைவர் மாமா, விறைத்த கையை உதறிக்கொண்டே. மறுபடி ஏறினோம். மறுபடி பூக்கடை. மறுபடி விக்கல். பூக்காரி இந்தத் தடவை எழுந்து நின்றே வேடிக்கை பார்த்தாள்.

தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நைனா வாசலில் நின்றிருந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கண்ணு பட்டுகினு கீது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பொட்டலத்தில் மீந்திருந்த சந்தனத்தில் ஒரு கை எடுத்து மூடியின் மேல் இன்னொரு பூச்சுப் பூசினார்.

டிரைவர் மாமாவின் வைத்தியம் அடுத்தது. ரயில் இன்ஜினில் சூடு போதாமல் போனால் வண்டி இழுக்காதாம். கரி அள்ளிப் போடவேண்டுமாம். இதில் எங்கே கரி போடுவது? கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் சூடு அதிகமாகியிருக்க வேண்டும் என்று கட்சி மாறினார். சாக்கை நனைத்து இன்ஜின் மேல் போட்டார். பாவாவை அளக்கவிடாமல் "சீக்கிரம் சுத்துங்க, ஈரம் காயறதுக்குள்ள" என்று விரட்டினார். பாவா தோள் கழலுகிற மட்டும் சுற்றினார். வண்டி அம்மியாட்டம் கிடந்தது. நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையில் உச்சிக்கால மணி அடிக்குமுன் வழியிலுள்ள கே.ஜி.கண்டிகையைத் தாண்டாவிட்டால் மத்தியானப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரமுடியாது. மேனேஜரின் தம்பி மகள் இந்நேரம் தலைபின்னிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது வைத்தியம் பாவாவினுடையது. கார்புரேட்டரையே கழற்றுவது என்று முடிவு செய்தார். அதற்கு முன் வழக்கப்படி மூடி, 'ஸ்ஸ்', வேப்பங்குச்சி. மூடி என் கையில் இருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தார். அருவி மாதிரி கொட்டிற்று. "குழாயில அடைப்பு இல்ல" என்று கத்திக்கொண்டே, கொட்டுகிற பெட்ரோலை அக்காவின் மோர்ச் சட்டியில் பிடித்தார். கழற்றின சாமான்களை அக்காவின் முறத்தில் பரப்பி, மோர்ச் சட்டியில் கழுவி, வாயால் ஊதி, மறுபடி பூட்டினார். அக்கா அந்தச் சட்டியைப் பற்றிப் பிற்காலத்தில் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. எல்லாம் பூட்டி முடித்த பிறகு முறத்தில் ஒரு திருகாணி மீந்திருந்தது. "இது சும்மா அழகுக்கு" என்று பாவா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சுற்றினார். கிளம்பிற்று! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்கு வருகிற கர்வம் இருக்கிறதே! பாவா மீசையை முறுக்கிக்கொண்டார். "கார்புரேட்டர்தான்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

பூக்கடை. விக்கல். பூக்காரி, "இன்னிக்கி இங்கியே குடித்தனம் வெச்சுடலாமுங்க" என்றாள்.

வீட்டுக்குத் தள்ளிவந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. நைனா வாசலிலேயே, கையில் அந்த வாழையிலையோடு நின்றிருந்தார். "உனக்கு இப்ப குளுகுளுன்னு இருக்குமே நைனா! வண்டி கெளம்பக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிகினியா? நீ அரைச்சுக் குடுக்கற சந்தனத்துக்கு அவரு இந்த உதவிகூட செய்யமாட்டாரா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

நைனா அக்காவைப் பார்த்தார். "நான் அப்பிடி வேண்டிக்கலன்னு அவகிட்ட சொல்லு."

"அவ இங்கதான் நிக்கிறா, நீயே சொல்லேன்" என்றாள் அக்கா.

அவர் வண்டியிடம் போய், இலையில் ஒட்டியிருந்த கடைசிச் சந்தனத்தையும் வழித்து மூடியின் மேல் தடவினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆம்பிளைகள் எதிரே அழக்கூடாது என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

அக்கா பின்னாலேயே வந்தாள். அவளுக்கு எந்தக் கஷ்டத்திலும் முதலில் ஞாபகம் வருவது பசிதான். "காலையிலேர்ந்து தள்ளிகினே கீறாங்க பாவம். நாலு வடை தட்டிப் போடறேன். அந்தப் புது எண்ணெ டின்னைத் தெற" என்றாள். பள்ளிப்பட்டு வேலை கைநழுவிப் போகிறது, இவள் வடை சுடுகிறாள்! கோபத்தில் ஆணியை வைத்து டின்னின் மூலையில் ஓங்கி ஒரு அடி அடித்து ஓட்டை போட்டேன். வாணலியில் சாய்த்தேன். எண்ணெய் கொஞ்சம் வந்தது. இரண்டு விக்கல் விக்கிற்று, நின்றுவிட்டது.

"ஒரே ஓட்டை போட்டா எப்பிடிடீ எறங்கும்? காத்துப் போக வேற ஓட்டை வேணாம்? டீச்சராம் டீச்சர்" என்றாள் அக்கா. ஆணியை என் கையிலிருந்து பிடுங்கி எதிர் மூலையில் ஒரு குத்துக் குத்தினாள். எண்ணெய் கடகடவென்று இறங்கிற்று.

நான் டின்னை அப்படியே அவள் கையில் போட்டுவிட்டு ஓடினேன். காலையிலிருந்து அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான்தானே? அதன் உட்பக்கத்தில் நடுவே ஒரு சின்ன ஓட்டையையும், அதில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்ததையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மண்டையில் உறைக்கவில்லை. காற்று உள்ளே போனால்தானே பெட்ரோல் கீழே இறங்கும்? பாவா திறந்து திறந்து அளந்தபோதெல்லாம் காற்று புகுந்தது, வண்டி கிளம்பியது. மூடினால் பூக்கடை வரைக்கும்தான் உயிர். கரண்டுமில்லை, கார்புரேட்டருமில்லை. கஞ்சப்பிசினாரி பாவாவின் வேப்பங்குச்சிதான் ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

மூடியைத் திருகிக் கையில் எடுத்தேன். 'ஸ்ஸ்.' கொண்டை ஊசியை உருவிச் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். மூன்று பூச்சு, வெயிலில் காய்ந்து சுவராகியிருந்தது.

"அய்யய்ய, சாமி சந்தனம்மா! அதுமேல கைய வெக்காதே" என்று டிரைவர் மாமா ஓடிவந்தார். பாவாவே எட்ட நின்றுகொண்டார். வண்டி முழுவதையும் கழற்றிப் போடத் துணிந்த இரண்டு ஆம்பிளைகளுக்கு அந்தப் பொட்டின் மேல் ஒரு விரல் வைக்கத் துணிச்சல் வரவில்லை.

"சாமி சந்தனந்தான் மாமா வண்டிக்கு மூச்சை அடைச்சிகினு கீது. தோ பாருங்க ஓட்டை!" என்று சொல்லிவிட்டு நைனாவிடம் திரும்பினேன். "ஊருல எல்லாரும் துளிதானே வெப்பாங்க? நீ ஏன் நைனா இத்தினி கெட்டியா அப்பின?"

நைனா என் உள்ளங்கையில் சேர்ந்திருந்த சந்தனக் கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைத் தேடினார். அவள் அடுப்படியில் இருந்தாள். மாடும் மேயப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் என்னிடமே சொன்னார்.

"மொத உருண்டைம்மா அது."

எனக்குப் புரியவில்லை.

"சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடியே எடுத்தாந்துட்டேன். தனியா போற பொண்ணு... மொத அரைப்புக்குத்தான் பவுரு ஜாஸ்தி."

சுண்டுவிரல் பட்டதற்கு முதுகில் வைத்தவர். இருட்டில் கல்லின் முன் உட்கார்ந்து அரைத்த முதல் உருண்டையைச் சாமிக்குக் காட்டாமல் வாழையிலையில் ஒளித்து, மலைப்படி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். நான் அவரைத் தெருவில் நிறுத்திக் கத்தியிருக்கிறேன். எனக்கு அப்போதும் கோபமாகத்தான் இருந்தது. இதை வாயைத் திறந்து காலையிலேயே சொல்லியிருந்தால் என்ன கேடு?

ஊசியை விட்டு ஓட்டையைக் குடைந்து, வாயில் வைத்து ஊதினேன். காற்றுப் போயிற்று. மூடியைப் பூட்டினேன். பாவா சுற்றினார். வண்டி கிளம்பியது. பூக்கடையைத் தாண்டும்போது நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. வண்டி மட்டும் விட்டது. பூக்காரி ஒரு முழம் மல்லிகையை ஜன்னல் வழியே என் மடியில் வீசினாள். உச்சிக்கால மணி அடித்தபோது கே.ஜி.கண்டிகை எங்கள் புழுதிக்குப் பின்னால் இருந்தது. பள்ளிப்பட்டில் மத்தியான மணி அடிக்கிற பியூன் கையை ஓங்கும்போது நான் போய் எதிரே நின்றேன். என்னைப் பார்த்ததும் மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. பெட்ரோலும் சந்தனமும் கலந்து நாறிக்கொண்டு ஒரு வாத்தியாரம்மா வந்து நின்றதை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவா என்னைப் பார்க்க வந்தபோது மீதிக் கதையைச் சொன்னார். அன்று சாயந்திரமே நைனா மறுபடி மலையேறி, தோள் வீங்க வீங்க ஒரு பங்குக்கு இரண்டு பங்காக அரைத்துச் சாமிக்குக் கொடுத்தாராம். இறங்கி வந்தவரிடம் பாவா, "இன்னா மாமா, மன்னிப்புக் கேட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னாத்துக்கு மன்னிப்பு?" என்றாராம் நைனா. "அவரு பங்கை நான் எடுத்தேன். அவரு கோவத்துல வண்டிய நிறுத்தினாரு. நான் அரைச்சுக் குடுத்துட்டேன், அவரும் பொண்ண கொண்டுபோய் சேத்துட்டாரு. அவருக்கும் எனக்கும் சரியாப் போச்சு. லீவுக்கு வந்துட்டுத் திரும்புவா இல்ல, அப்ப ஓட்டை இல்லாத எடமா பாத்து வெக்கிறேன்."

சொன்னபடியே வைத்தார்.